சேர்த்துக் கட்டாத தரை

கொடிக்கயிறு ஏன் இறுகிக்கொண்டே போகிறது என்பது தையல்நாயகிக்குப் பிடிபடவில்லை.

ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் துணி காயாது. அதனால் பின்னறையில், கதவு நிலைக்கும் எதிர்ச்சுவர் ஜன்னல் கம்பிக்கும் இடையே ஒரு பச்சை நைலான் கயிற்றைக் கட்டியிருந்தாள். துணியைப் போட்டதும் கயிறு நடுவில் தொய்யும். மகள் வேனிலின் பள்ளிக்கூடப் பாவாடை தரையைக் கூட்டும். அதைப் பற்றி வீட்டில் தினம் ஒரு புலம்பல் இருந்தது. இப்போதோ ஈரப் போர்வையைப் போட்டாலும் கயிறு அசையாமல் நேராக நின்றது. விரலால் சுண்டினால் 'டிங்' என்றது. அவிழ்த்து ஒரு முழம் தளர்த்திக் கட்டினாள். மறுநாள் காலை மறுபடியும் டிங்.

"ஈரம் பட்டா கயிறு சுருங்கும்டி" என்றான் கணவன் வைரவன். அறையின் நடுவில் கட்டிலில் படுத்திருந்தான். துவாக்குடி ரோட்டில் பைக்குக்குக் குறுக்கே நாய் வந்ததில் வலது கால் உடைந்து, தொடை வரை மாவுக்கட்டு.

"சணல் சுருங்கும். இது நைலான். தண்ணி குடிச்சா லேசா நீளத்தான் செய்யும்."

"அப்ப நீளட்டும். உலகத்துல எதுக்காவது உனக்குக் காரணம் வேணாம்னு இருக்கா?"

இல்லைதான். தையல்நாயகி பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவள். காரணம் தெரியாத பொருள் வீட்டில் இருந்தால், விருந்தாளி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்கு உறுத்தும். மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த அன்று காலை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிலையில் அடித்திருந்த கொக்கி 'பட்'டென்று பிடுங்கிக்கொண்டு பறந்தது. கயிறு சாட்டை மாதிரிச் சுழன்று துணியெல்லாம் தரையில் விழுந்தது.

துணியைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் தரையைப் பார்த்தாள்.

டைல்ஸ்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தது. வெள்ளைச் சிமெண்டு உதிர்ந்து, அடியிலிருந்த மணல் தெரிந்தது. ஒரு ரூபாய்க் காசை எடுத்து இடுக்கில் நிறுத்தினாள். நின்றது. அடுத்த இடுக்கிலும் நின்றது. கட்டிலுக்கு அடியில், ஜன்னல் ஓரத்தில், எங்கே வைத்தாலும் அதே காசு அதே அளவு பிடிப்போடு நின்றது.

"டைல்ஸ் போட்ட கொத்தனாரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேக்கணும்" என்றான் வைரவன்.

"அவரு மேல தப்பில்லைங்க. தரை ஒரு பக்கம் அமுங்கினா, அந்த எடத்துல மட்டும் ஒரு பெரிய வெடிப்பு விடும். இங்க எல்லா இடுக்கும் ஒரே அளவு விட்டிருக்கு. ஆனா டைல்ஸ் ஒண்ணுகூடப் பெருசாகலை."

கயிற்றை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போனாள். வெளிச்சுவரை ஒட்டி, கதவு நிலை இருக்கும் மூலையிலிருந்து ஜன்னல் மூலை வரை நீட்டிப் பிடித்தாள். கயிறு எட்டியதோடு, கையில் ஒரு முழம் மிஞ்சவும் செய்தது. உள்ளே வந்து அதே கயிற்றை அறைக்குள் நீட்டினாள். ஜன்னலை எட்டவில்லை.

இன்னொரு முறை வெளியே போய்ப் பார்த்தாள். மிஞ்சியது. உள்ளே எட்டவில்லை. மழைச்சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருக்க, திரும்பவும் சந்துக்கு வந்து நின்றாள். சுவருக்கு வெளியே சின்னதாக இருக்கும் ஒரு அறை உள்ளே எப்படிப் பெரிதாக இருக்கும்?

அந்த அறையின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய வீடு நல்ல கான்கிரீட் கட்டடம். தரைக்குக் கீழேயும் கம்பி பின்னி ஊற்றியது. பின்னறை பிறகு சேர்த்தது. அதைக் கட்ட ஆரம்பித்தபோது வேனில் வயிற்றில் இருந்தாள். பழைய சுவரை உடைத்து, இரண்டு தரைக்கும் கம்பி கோத்துக் கட்ட வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். "மாசமா இருக்கற பொண்ணு வீட்டுல சுவத்துல உளி படக்கூடாது" என்று வைரவன் ஒரே பிடியாக நின்றுவிட்டான். அவளுடைய பேச்சு எடுபடவில்லை. அதனால் பழைய சுவரைத் தொடாமல் புதுச் சுவர் எழுப்பி, நடுவில் மணல் ரொப்பி, அதன்மேல் டைல்ஸ் பதித்தார்கள். சுவர்கள் செங்கல்லும் சிமெண்டுமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. தரையை மட்டும் எதுவும் எதனோடும் பிடித்து வைக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு போன வேனில் கதவு நிலையிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, அப்பா ஏன் சின்னதாயிட்டாரு?"

தையல்நாயகி ஓடி வந்தாள்.

நிலைக்கு அப்பால் ஒரு மைதானம் இருந்தது. அதே வெள்ளை டைல்ஸ், ஒவ்வொன்றும் மணலில் தனித்தனித் தீவாகக் கிடந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எட்டி வைத்துத்தான் போகமுடியும். அந்தப் பரப்பின் நடுவில், பஸ் ஸ்டாண்டின் அடுத்த முனையில் தெரிவதுபோல, கட்டில். அதன்மேல் வெள்ளைக் கால் ஒன்றை நீட்டிக்கொண்டு ஒரு சின்ன உருவம்.

"தையலு!" அவன் கத்துவது வாயசைவுக்கு ஒரு கணம் பிந்திக் கேட்டது. "வாசப்படி தள்ளிப் போவுதுடி! ஜன்னலும் போவுது! நாலு பக்கமும் போவுது! நான் மட்டும் நடுவுல மாட்டிக்கிட்டேன்!"

"நடுவுன்னு ஒண்ணும் இல்லைங்க! எந்த டைல்ஸ் மேல நின்னாலும் அப்படித்தான் தெரியும்!"

"இப்பவும் பாடமா எடுக்கற!"

வேனில் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

கூச்சல் கேட்டு முதலில் வந்தவர் எதிர்வீட்டு சூசைராஜ். பந்தல், மைக்செட் வைத்திருப்பவர். கல்யாணத்தையும் சாவையும் ஒரே லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்குபவர். உள்ளே எட்டிப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று சந்துக்கு ஓடி, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், அந்தப் பக்கத்துலருந்து பாத்தாலும் இதே தூரத்துலதான் இருக்கான். சுவரு என் கைக்கிட்ட இருக்கு. அவன் என்னமோ அடுத்த ஊரு திருவெறும்பூர்ல இருக்கற மாதிரி இருக்கான். என்ன டீச்சர் இது?"

"பூரி பொரிப்பீங்கல்லண்ணே? விளிம்பு அதே வட்டம்தான். நடு மட்டும் உப்பும். உப்பின பூரி மேல ஒரு எறும்பு இந்த ஓரத்துலருந்து அந்த ஓரத்துக்குப் போகணும்னா கூடுதலா நடக்கணும் இல்லையா? சுவரு விளிம்பு. தரை நடு."

"பூரிக்கு எண்ணெய் காயுது. இதுக்கு எது காயுது?"

அவள் பதில் சொல்லத் தயங்கினாள். தயக்கம் தெரியாமையால் அல்ல. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்.

"வானத்துல இது எப்பவும் நடக்குறதுதான். நட்சத்திரக் கூட்டங்கள் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிட்டே இருக்கு. அதுங்க பறந்து போறதில்லை. நடுவுல இருக்கற வெளியே வளருது. ஆனா ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்குள்ள வளராது. ஈர்ப்பு அதைப் பிடிச்சு வச்சிருக்கு. இந்த டைல்ஸ் உடையாம இருக்கு பாருங்க, அது மாதிரி. பிடிப்பு இருக்கற எடத்துல வளர முடியாது. இல்லாத எடத்துல வளரும்."

"வானத்துல நடக்கறது வைரவன் வீட்டுல எதுக்கு நடக்கணும்?"

"அந்த வளர்ச்சிக்கு ஒரு சக்தி இருக்கு. எல்லா எடத்துலயும் இருக்கு, இந்த ஹால்லகூட. ரொம்ப நீர்த்து இருக்கறதால நமக்குத் தெரியாது. அங்க ஒரு தூரம் ரெட்டிக்கறதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். இங்க…" அவள் மைதானத்தைப் பார்த்தாள். கட்டில் முன்பைவிடச் சின்னதாக இருந்தது. "இங்க அது கெட்டிப்பட்டுப் போச்சு. ஏன்னு எனக்குத் தெரியலை."

சூசைராஜ் அதற்குள் ஆளனுப்பி ஆட்டோவிலிருந்த பந்தல் கயிறுகளை இறக்கச் சொல்லியிருந்தார். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சூசைராஜ் தன் பங்குக்கு ஒரு யோசனை வைத்திருந்தார். நிலைக்கும் ஜன்னலுக்கும் குறுக்கே தடித்த கயிறாகக் கட்டிவிட்டால் அறை மேலே விரியாது என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்று பந்து ஒன்றில் நூல் கட்டி வீசியெறிய, நூலைத் தொடர்ந்து கயிறு வந்தது. நான்கு கயிறுகளை முடிச்சிட்டுத்தான் எட்டியது. இரு முனைகளையும் இறுகக் கட்டினார்கள். கயிறு விறைத்தது. முனகியது. வேனில் காதைப் பொத்திக்கொண்டாள். கல்யாணப் பந்தல் முழுவதையும் தூக்கி நிறுத்தும் அந்தக் கயிறு நடுவில் திரி திரியாகப் பிரிந்து அறுந்தது.

அதோடு ஜன்னல் கம்பிகளில் இரண்டு பெயர்ந்து விழுந்தன.

கூடியிருந்தவர்கள் நிலையை விட்டு ஓரடி பின்வாங்கினார்கள். அவ்வளவு நேரமும் இதை ஏதோ கட்டடக் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் போய்த் தூக்கிட்டு வந்துர்றேன்" என்று சூசைராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நில்லுங்க." தையல்நாயகி வேனிலின் பழைய பாவாடையிலிருந்து எலாஸ்டிக்கை உருவினாள். பேனாவால் அதில் இரண்டு புள்ளி வைத்தாள். "இந்தப் புள்ளி நீங்க. அது அவரு. நீங்க நடக்கும்போது எலாஸ்டிக் இழுபட்டுக்கிட்டே இருக்கும்." இழுத்துக் காட்டினாள். "நடக்கறீங்க, நீங்க கடந்தது போக மிச்சம் இருக்கறது நீளுது. தூரம் எவ்வளவு அதிகமோ, நீளுற வேகமும் அவ்வளவு அதிகம். ஒரு எல்லை வரைக்கும் நீங்க ஜெயிப்பீங்க. அதைத் தாண்டிட்டா, நாள் பூரா நடந்தாலும் எட்ட முடியாது. நடையை விட நீளுற வேகம் கூடுதலா ஆயிடும்."

"ஓடினா?"

"ஓடினா எல்லை கொஞ்சம் தள்ளிப் போகும். இப்ப ஓடினா அவர்கிட்டப் போயிடலாம். ஆனா அவரை முதுகுல போட்டுக்கிட்டுத் திரும்பி வர்ற வேகம் ஓடற வேகம் இல்லையே, அண்ணே. நொண்டற வேகம். அதுக்குள்ள எல்லை தாண்டிரும். ரெண்டு பேரும் அங்கேயே நின்னுருவீங்க." குரல் நடுங்கியது. "ராத்திரி ஆயிட்டா அங்கருந்து வெளிச்சம் கிளம்பினாக்கூட இங்க வந்து சேராது. வெளிச்சத்துக்கும் ஒரு வேகம்தானே."

தூரத்தில் வைரவன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் சொல்வது இப்போது சொற்களாகக் கேட்கவில்லை.

தையல்நாயகி கையிலிருந்த எலாஸ்டிக்கையே பார்த்தாள். பிறகு காலையில் இடுக்குகளில் நிறுத்திப் பார்த்த ஒரு ரூபாய்க் காசை எடுத்துப் பார்த்தாள். பிறகு அறுந்த கயிற்றை.

கயிறு அறுந்தது. ஆனால் நீளவில்லை.

"அண்ணே, கயிறு ஏன் அறுந்துச்சு?"

"இழுவை தாங்காம."

"ஏன் இழுபட்டுச்சு? ரெண்டு முனையும் சுவத்துல இருந்துச்சு. சுவரு அசையாது, கயிறும் நீளாது. நடுவுல வளர்ற வெளியோட மல்லுக்கட்டிச்சு, தோத்துச்சு. ஒரு முனை சும்மா கிடந்திருந்தா?"

"சும்மா கிடந்தா எதுக்கு அறுந்து போகுது? அது பாட்டுக்கு…" சூசைராஜ் நிறுத்தினார். "அது பாட்டுக்கு இங்கேயே கிடக்கும். தரைதான் அதுக்கு அடியில நழுவிப் போகும்."

"அதேதான்! நாம அறையைக் கட்டப் பாத்தோம். அறை போகட்டும். ஆளைக் கட்டணும்."

இதற்குப் பிறகு நடந்ததில் விளக்கம் குறைவு. இருக்கிற கயிறுகளையெல்லாம் முடிந்தார்கள். போதாதென்று பக்கத்துத் தெரு கிணற்றடியிலிருந்தும், லாரி ஒன்றிலிருந்தும் கொண்டு வந்தார்கள். ஒரு முனையைப் பழைய வீட்டின் கான்கிரீட் தூணில் சுற்றினார்கள். மறுமுனையைத் தையல்நாயகி இடுப்பில் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயில் டீச்சர்களுக்கான ஓட்டத்தில் வருடாவருடம் ஜெயிப்பவள் அவள்தான். சேலையை மாற்றிச் சுடிதாரில் வந்தாள்.

"அவரை இழுக்கறதுக்கு ஏதாவது வேணும். மணல்ல வழுக்கிட்டு வர்ற மாதிரி."

சூசைராஜ் ஆட்டோவிலிருந்து ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைச் சுருட்டிக் கொடுத்தார். அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து வேனிலின் நெற்றியில் முத்தமிட்டு, ஓடினாள்.

டைல்ஸிலிருந்து டைல்ஸுக்குத் தாவி ஓடினாள். மணலில் கால் புதைந்தது. பாதி தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தபோது, முன்னால் இருந்த தூரமும் பின்னால் இருந்த தூரமும் தனித்தனியே அவள் கிளம்பியபோது மொத்தம் இருந்த அளவுக்கு இருந்தன. அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினாள். வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்த படத்துக்குள் இப்போது அவளே ஓடிக்கொண்டிருந்தாள்.

கட்டிலைப் பிடித்தபோது மூச்சு வாங்கியது. வைரவன் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் கை சில்லிட்டிருந்தது.

"உளி வச்சிருக்கணும்டி" என்றான். "அன்னிக்கே சுவத்துல உளி வச்சிருக்கணும்."

"அப்புறம் சண்டை போட்டுக்கலாம். புரளுங்க."

பேனரை மணலில் விரித்து, அவனைக் கட்டிலிலிருந்து அதன்மேல் உருட்டினாள். மாவுக்கட்டுக் கால் தரையில் மோதியதில் அவன் அலறினான். பேனரின் ஓரத் துளைகளில் கயிற்றைக் கோத்து, அவன் மார்பைச் சுற்றி, தன் இடுப்பையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டாள். கயிற்றை மூன்று முறை சுண்டி இழுத்தாள். அதுதான் பேசி வைத்த சைகை. தூரத்தில் தெருவே சேர்ந்து இழுக்க ஆரம்பித்தது.

கயிறு விறைத்த அந்தக் கணத்தில் இருவரும் அதைக் கண்டார்கள். அவர்கள் அசையவில்லை என்றே தோன்றியது. கட்டில்தான் போனது. தலையணை, தண்ணீர்ச் சொம்பு, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு, ஒருவரும் தள்ளாமலே, சத்தமில்லாமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பயத்தில் வைரவன் சிரித்தான்.

"யாரு மூஞ்சி மேலடி படுத்திருக்கேன்?"

அவள் குனிந்து பார்த்தாள். "நம்ம வார்டு கவுன்சிலர். பிறந்தநாள் வாழ்த்து."

"அவரால எனக்கு ஆன முதல் உதவி."

நிலைவாசலில் பத்துக் கைகள் அவர்களைத் தூக்கி ஹாலுக்குள் போட்டன. கான்கிரீட் தரை குளிர்ந்து, கெட்டியாக, அசையாமல் இருந்தது. வேனில் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. தையல்நாயகி திரும்பிப் பார்த்தபோது, கட்டில் ஒரு புள்ளியாக இருந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

சூசைராஜ் உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தார். கயிறு தோலை உரித்திருந்தது. "கதவைச் சாத்திப் பூட்டிருவோம், டீச்சர். அந்த ரூமைத் தலைமுழுகிருங்க. வாங்க, எங்க வீட்டுல டீ போடச் சொல்றேன். எதிர்லதானே."

வாசலுக்குப் போனார்கள். மழை விட்டிருந்தது. வேனில் படியிறங்கி, தெருவில் கால் வைக்கப் போனவள் நின்றாள்.

போன வருடம்தான் பேரூராட்சியில் அந்தத் தெருவுக்கு பேவர் பிளாக் போட்டார்கள். மணலைக் கொட்டிச் சமன்செய்து, அதன்மேல் கற்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினார்கள். சிமெண்டு கிடையாது, கம்பி கிடையாது.

"அம்மா, கல்லுக்கு நடுவுல என் செருப்பு போவுது."

தையல்நாயகி சுடிதார் பைக்குள் கைவிட்டு அந்த ஒரு ரூபாய்க் காசை எடுத்தாள். குனிந்து இடுக்கில் வைத்தாள். காசு நிற்கவில்லை. உள்ளே விழுந்துவிட்டது. நிமிர்ந்து எதிர்வீட்டைப் பார்த்தாள். தன் வீட்டு வாசலில் நின்றிருந்த சூசைராஜின் மனைவி லூர்துமேரி ஏதோ சொன்னாள். வாயசைவு முடிந்த பிறகுதான் குரல் வந்தது.

சூசைராஜும் அதைக் கவனித்துவிட்டார். ஓடத்தான் கிளம்பினார். தையல்நாயகி அவர் இடுப்பில் கயிற்றைச் சுற்றிய பிறகே விட்டாள். தூணிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து அவர் மனைவிக்கும், மனைவியிடமிருந்து திரும்பத் தூணுக்கும் கயிறு போய் வந்தது. லூர்துமேரி இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும், சூசைராஜ் அழுகையைத் துடைத்துக்கொண்டு, வாசலை ஒட்டி நின்ற ஆட்டோவிலிருந்து ஆம்ப்ளிபையரையும் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களையும் இறக்கி டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் ஏற்றினார்.

"ஹலோ… மைக் டெஸ்ட்டிங்…" என்றார் பழக்கத்தில். பிறகு மைக்கை அவளிடம் நீட்டினார். "நீங்க சொல்லுங்க டீச்சர். புரியற மாதிரி சொல்லுங்க."

தையல்நாயகி மைக்கைப் பிடித்தாள். எங்கோ தள்ளிப் போய்க்கொண்டிருக்கும் கூரைகளைப் பார்த்தாள். குரல் இப்போது நடுங்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. பயந்து ஓடாதீங்க, ஓடினா எட்ட முடியாது. மணல் மேல, மண்ணு மேல நிக்காதீங்க. கம்பி போட்ட கான்கிரீட் தரைக்கு வாங்க. பக்கத்துல எந்தத் தூண் கெட்டியா இருக்கோ, அதுல கயிறு கட்டுங்க. கயித்தோட இன்னொரு முனையை வீட்டுல கட்டாதீங்க, வண்டியில கட்டாதீங்க. ஆள்மேல கட்டுங்க. உங்க வீட்டு ஆளுங்க எல்லாரையும் ஒரே கயித்துல கோத்துக் கட்டுங்க. சும்மா இருக்கறது விலகும். கட்டினது விலகாது."